கற்போர் அகராதி யாரிடமாவது இருக்கிறதா?

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். குடியாத்தத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கையில் இருப்பது சின்ன ஆங்கிலம்-தமிழ் அகராதி மட்டும். பொருள் கிடைக்கிறது, வாக்கியத்தில் எப்படி வைப்பது என்று தெரிவதில்லை. ஆங்கிலம் கற்போருக்கென்றே வந்த அகராதி வேண்டும், பழைய பதிப்பும் போதும். 1978-இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே பொருள் விளக்கியது, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு. அந்த வகைதான் இவர்களுக்குச் சரி. காட்பாடி, ஆம்பூர் பக்கம் இருந்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம், பிள்ளைகள் இந்தக் குழுவில் ஆங்கிலத்தில் எழுதினால் தயவுசெய்து சிரிப்பு எமோஜி போடாதீர்கள். ஒரு பெண் அதோடு எழுதுவதையே நிறுத்திவிட்டாள். பிழை இருந்தால் அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். பொறுமையாகத் திருத்தித்தர யாருக்கு நேரம் இருக்கிறது?