மறு: அரைவை இயந்திரத்துக்கு ‘டயல் இன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு எஸ்பிரெசோ இயந்திரங்களுக்கான கையேட்டுத் தமிழாக்கத்தில் ‘டயல் இன்’ (காப்பி சரியான நேரத்தில், சரியான சுவையில் இறங்கும்வரை அரைவையைத் திருகித் திருத்துவது) வரும் இடமெல்லாம் ‘அளவுத்திருத்தம்’ என்று போட்டிருக்கிறோம். ‘நுண்சீரமைப்பு’ என்றும் ஒரு பரிந்துரை இருக்கிறது. எது பொருந்தும்? வேறு சொல் இருந்தாலும் சொல்லுங்கள்.

-----

வணக்கம் ஐயா.

‘அளவுத்திருத்தம்’ இங்கே வேண்டாம். அது தராசுக்கும் வெப்பமானிக்கும் செய்வது. வெளியே ஒரு படிக்கல் இருக்கும், அதோடு ஒப்பிட்டுக் கருவியைத் திருத்துவோம். அரைவை இயந்திரத்திலும் அப்படி ஒரு வேலை உண்டு, ஆனால் அது வேறு: கொட்டையை இடையில் வைத்து அரைக்கும் இரண்டு அரைவைத் தட்டுகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கண்டுபிடிப்பது. கொட்டை போடாமல் மோட்டாரை ஓடவிட்டு, அரைவையின் நைசை மாற்றும் வளையத்தை நைசான பக்கம் மெல்லத் திருகினால் ஓரிடத்தில் உலோகம் உரசும் கீச்சொலி லேசாகக் கேட்கும். கேட்டவுடன் பின்னால் திருகிவிட வேண்டும். அந்த இடம்தான் சுழியம். அதற்கு ‘தொடுநிலை’ என்று தனிச்சொல் தரலாம்.

தட்டுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினால் தொடுநிலை நகர்ந்துவிடக்கூடும். ‘வளையத்தை 12இல் வைத்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்வது அடுத்தவருக்கு உதவாமல் போவது இதனால்தான். ‘தொடுநிலையிலிருந்து 12 கோடு’ என்றால், அதே இயந்திரம் வைத்திருப்பவருக்குத் தொடங்கவாவது ஓர் இடம் கிடைக்கும்.

‘டயல் இன்’ அதற்குப் பிறகு நடப்பது. படிக்கல் வெளியே இல்லை, கோப்பையில் இருக்கிறது. பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் வந்ததா என்று விரலில் தொட்டுப் பார்க்கிறோமே, அந்த இனத்து வேலை. என் பரிந்துரை: ‘பதம் பிடித்தல்’. வானொலியில் முள்ளைத் திருகி ‘ஸ்டேஷன் பிடிப்பது’ தமிழில் ஏற்கெனவே இருப்பதால், திருகுவதும் பிடிப்பதும் ஒட்டியே நிற்கும்.

-----

> என் பரிந்துரை: ‘பதம் பிடித்தல்’

சில தடைகள். ‘பதம் பார்த்தல்’ என்றால் ஒருவரை ஒரு கை பார்ப்பது என்ற வழக்கு இருக்கிறது. ‘பதப்படுத்தல்’ உணவு கெடாமல் வைப்பதற்குப் போய்விட்டது. செயலியின் பட்டியலில் பெயர்ச்சொல் வேண்டுமென்று ‘பதப்பிடிப்பு’ ஆக்கினால் பாதிப் பேர் ‘படப்பிடிப்பு’ என்றே படிப்பார்கள். அதோடு, கையேட்டில் இந்தச் சொல் குறைந்தது ஐந்தாறு விதமாக வரும். எல்லா இடத்திலும் நிற்குமா?

-----

நண்பரே, நிற்கிறதா என்று முழுச் செய்முறையையும் அந்தச் சொல்லாலேயே எழுதிப் பார்த்தேன். கீழே.

பதம் பிடிக்கத் தொடங்கும் அளவு: 18 கிராம் தூள், 36 கிராம் காப்பி, பம்பு ஓடத் தொடங்கியதிலிருந்து 25 முதல் 30 நொடி. தராசு 0.1 கிராம் காட்ட வேண்டும். 36 கிராம் 15 நொடியில் இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பு, இன்னும் நைசாக்கவும். 45 நொடி இழுத்தால் நைசு மிஞ்சிவிட்டது. (‘இறங்கும்’ என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பில்டரில் டிகாஷன் இறங்குவதற்குப் பழகிய சொல்தானே.) ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றவும். தூளின் எடையையும் அரைவையையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நைசாக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தி வைத்துத் திருகினால் தட்டுகளுக்கு இடையில் மாட்டிய கொட்டைத் துண்டுகள் இறுகிவிடும். மாற்றியபின் முதல் 4, 5 கிராமைத் தள்ளிவிடவும், உள்ளே பழைய அரைவை தங்கியிருக்கும். ‘பதம் மாறவே இல்லை’ என்ற புகாருக்கு அடிக்கடி இதுவே காரணம்.

நேரம் சரியாக வந்த பிறகு நாக்குக்கு விடவும். புளிப்பு தூக்கலாக இருந்தால் 40 கிராம் வரை இறக்கலாம், கசப்பென்றால் 33 கிராமில் நிறுத்தலாம். துவர்ப்பு வந்தால் கதை வேறு. தண்ணீர், அழுத்திய தூள் வில்லை முழுவதும் ஊறாமல் ஓரிடத்தில் மடை உடைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நைசு மிஞ்சினாலும் இது நடக்கும். அப்போது நேரம் கூடாமல் குறையக்கூடச் செய்யும். அதைப் பார்த்து இன்னும் நைசாக்கினால் பதம் முற்றிலும் தப்பிவிடும். சற்றுக் கொரகொரப்பாக்கி, மெல்லிய ஊசியால் தூளைக் கிளறிக் கட்டி உடைத்து, மட்டமாக அழுத்தினால் சரியாகும். நைசாக்க நைசாக்கச் சாரம் கூடிக்கொண்டே போகாது, ஓர் எல்லைக்குப் பின் குறையும் என்று 2020இல் ‘மேட்டர்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையும் காட்டியது.

இரட்டைச் சுவர் வடிகட்டியில் பதம் பிடிக்க முடியாது. அடியில் ஒரே சிறு துளைதான் என்பதால் தூள் எப்படி இருந்தாலும் ஏறக்குறைய ஒரே நேரம் காட்டும். வறுத்து இரண்டு மூன்று நாளே ஆன கொட்டையிலும் காற்று வெளியேறிக்கொண்டிருப்பதால் பதம் நிலைக்காது. ஒரு வாரம் பொறுக்கவும். பிறகு கொட்டை பழசாகப் பழசாக இறக்கம் வேகமாகும். ஓரிரு கோடு நைசாக்கி மறுபடி பதம் பிடிக்கவும். புதுத் தட்டுகள் முதல் சில கிலோ அரையும்வரை தொடுநிலையை மாற்றாமலேயே பதம் கொஞ்சம் நகரும்.

‘பதம் பிடிக்க’, ‘பதம் தப்பும்’, ‘பதம் மாறவில்லை’, ‘பதம் நகரும்’: எதுவும் முட்டவில்லை. ‘நுண்சீரமைப்பு’ என்று வைத்து ‘தப்பிவிடும்’ எழுதிப் பாருங்கள்.

-----

‘தப்பும்’ என்ற இடத்தில் ஒப்புக்கொள்கிறேன், ‘அளவுத்திருத்தம் தப்பியது’ என்று எவரும் பேசமாட்டார்கள். பட்டியலுக்குப் பெயர்ச்சொல்?

-----

‘அரைவைப் பதம்’. அமைப்பைக் குறிக்க அது, செயலைக் குறிக்க ‘பதம் பிடித்தல்’. சேர்த்து எழுத வேண்டாம், இடைவெளி விட்டால் படப்பிடிப்புக் குழப்பம் வராது. ‘பதம் பார்த்தல்’ இங்கே எந்த இடத்திலும் தேவைப்படவில்லை, ‘சுவைத்துப் பார்க்கவும்’ போதும்.

-----

அப்படியானால் அகராதியில் மூன்று பதிவுகள்: தொடுநிலை, அரைவைப் பதம், பதம் பிடித்தல். கையேட்டின் 4ஆம் இயலில் ‘அளவுத்திருத்தம்’ இருக்கும் இடங்களில் தொடுநிலை பற்றிய இரண்டு வாக்கியங்களில் மட்டும் அதை விட்டுவைத்து, மற்றவற்றை மாற்றிவிடுகிறேன். ‘அரைவைத் தட்டு’ கூம்பு வடிவத்துக்குப் பொருந்தாது என்பது இன்னும் பாக்கி. ‘அரைவைக் கூம்பு’ போடலாமா, அல்லது திரிகையை நினைவில் வைத்து இரண்டுக்கும் பொதுவாக ‘அரைகல்’ என்றே போடலாமா?