பேட்மேன் மூன்றாவது பாகம்: பையனுக்கு என்ன சொல்லி வைப்பது?

வளவுவீட்டுக்காரன், காரைக்குடி:
லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகன், இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த பேட்மேன் படங்களில் முதல் இரண்டையும் பார்த்துவிட்டான். வளவில் புரொஜெக்டர் வைத்துப் போட்டோம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய சுவர்; பளபளப்பில் படம் கண்ணைக் கூசியது. அப்பச்சியின் வேட்டியைக் கட்டிச் சமாளித்தோம்.

நாளை மூன்றாவது. "அம்மான், ஜோக்கர் திரும்ப வருவான்ல?" என்று நச்சரிக்கிறான். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் 2008 ஜனவரியிலேயே, இரண்டாவது படம் வெளியாகும் முன்பே, இறந்துவிட்டதை எப்படிச் சொல்ல? ஆஹா ஓஹோ என்று ஏற்றிவிடுவதா, அடக்கி வாசிப்பதா? அவனும் படிப்பான், முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

தேவகோட்டை ரசிகன்:
ஏற்றிவிடாதீங்க அண்ணே. 2012-ல் ஜோக்கரை மிஞ்சுகிற வில்லன் வேண்டும் என்றுதான் போய் உட்கார்ந்தோம். 2011 டிசம்பரிலேயே ஐமேக்ஸ் திரைகளில் தொடக்கக் காட்சியை மட்டும் காட்டினார்கள். முகமூடிக்குள்ளிருந்து புது வில்லன் பேன் (Bane) பேசுவது புரியவில்லை என்று ஒரே புலம்பல். எனக்கென்ன, எந்த இங்கிலீஷ் படமானாலும் கீழே எழுத்து ஓடினால்தான் புரியும்.

பள்ளத்தூர் பால்கனி:
ஜோக்கர் என்ற பேச்சே அந்தப் படத்தில் கிடையாது. அதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வில்லனைப் பெரிதாக்கு, இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டு என்று ரசிகர்கள் கேட்பதுதான் மூன்றாம் பாகங்களுக்குப் பிடித்த சனி. 2007-ல் வந்த மூன்றாவது ஸ்பைடர்மேனில் மணல் மனிதன், வெனம், பழைய நண்பனின் பகை எல்லாம் சேர்ந்து, ஒரே இலையில் மூன்று வேளைச் சாப்பாட்டையும் பரிமாறியது போல ஆகிவிட்டது.

நோலன் இரண்டாவது படத்தோடு போட்டி போடவில்லை. முதல் படத்துக்கே திரும்பிப் போகிறார். 2005 படத்தில் சின்னப் பையன் கிணற்றில் விழுவான், அப்பா கயிற்றில் இறங்கித் தூக்குவார், இல்லையா? மூன்றாவதில் கிணறு மாதிரியே ஆழமான ஒரு சிறை வரும். அதற்கு வெளியே தெரிகிற கோட்டை நம் ஜோத்பூர் மெஹ்ரான்கர்தான். கிணற்றுக் காட்சியை மட்டும் முதலில் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். அப்புறம் சிறைக்குள் கயிற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். இதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன்.

வளவுவீட்டுக்காரன்:
படித்துவிட்டான். லெட்ஜர் விஷயத்தில் கொஞ்ச நேரம் முகம் தொங்கியது. இப்போது "கயிறு அறுந்துடுமா அம்மான்?" என்று ஆரம்பித்திருக்கிறான். படம் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுமாம். ஆத்தாவிடம் இடியாப்பத்தை ஆறரைக்கே முடித்துவிடச் சொல்லியாச்சு.