இருட்டியதும் தானாகச் சுற்றும் களத்துக் கேமரா: சென்சாரை மாற்ற வேண்டுமா?

நீடாமங்கலம் விவசாயி:
வணக்கம். வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி எங்கள் நெல் களமும் மோட்டார் கொட்டகையும் இருக்கின்றன. சம்பா அறுவடை முடிந்து மூட்டைகள் கொள்முதலுக்காகக் களத்திலேயே கிடக்கின்றன. போதாக்குறைக்கு இந்தப் பக்கம் செம்புக்காக மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால் கொட்டகை முகப்பில் சுழலும் கேமரா ஒன்றைப் போட்டு, களத்துப் பக்கமும் மோட்டார் பக்கமும் பக்கத்துக்கு ஒரு பிஐஆர் சென்சார் (சூட்டை வைத்து நடமாட்டத்தைக் கண்டுபிடிப்பது) வைத்து, கேமராவின் அலாரம் இன்புட்டில் கொடுத்திருக்கிறேன். எந்தப் பக்கம் நடமாட்டம் இருக்கிறதோ அந்தப் பக்க ப்ரீசெட்டுக்கு, அதாவது முன்பே பதித்து வைத்த திசைக்கு, கேமரா திரும்ப வேண்டும்.

பகலில் சொன்னபடி கேட்கிறது. இருட்டினால் கூத்து. ஆளே இல்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றி, தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, களத்தை விட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்து நிற்கிறது. ரெக்கார்டிங்கும் அங்கங்கே ஒரு நிமிடம் அளவுக்கு அறுந்து கிடக்கிறது. வாங்கிய கடையில் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? அடாப்டர் வீட்டில் இருக்கிறது, 12 வோல்ட் 2 ஆம்பியர். அங்கிருந்து 0.75 ஸ்கொயர் எம்எம் வயர் போகிறது. கேமரா, இரண்டு சென்சார் எல்லாம் அந்த ஒரே லைனில்தான்.

வடுவூர் வாசி:
எங்கள் தோப்பில் மயில் தொல்லை. மயில் வந்தாலே கேமரா திரும்பும். சென்சிடிவிட்டியைக் குறைத்துப் பாருங்கள் அண்ணே.

கும்பகோணம் சிசிடிவிக்காரர்:
மயில் ராத்திரியில் மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும் தம்பி, களத்துக்கு வராது. விவசாயி ஐயா, சென்சாரை இப்போது மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்னதில் முக்கியமானது அந்த முழுச் சுற்று. ப்ரீசெட்டுக்குப் போகும் கேமரா நேராகப் போய் நிற்கும், ஊர் சுற்றாது. முழுதாகச் சுற்றி, தலையை ஆட்டுவது கரண்ட் வந்ததும் அது செய்யும் சுய சோதனை. அதாவது உங்கள் கேமரா ராத்திரி முழுக்க அணைந்து அணைந்து எழுகிறது. ரெக்கார்டிங் அறுவதும் அதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். 0.75 செம்பு வயர் கிலோமீட்டருக்குச் சுமார் 25 ஓம். போக 60, வர 60, ஆக 120 மீட்டர். 3 ஓம் வந்துவிட்டது. ஒரு ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 3 வோல்ட் போய்விடும். பகலில் கேமரா கொஞ்சமாகத்தான் இழுக்கும், தெரியாது. இருட்டினால் கேமரா இருட்டில் பார்ப்பதற்கான ஐஆர் விளக்கு எரியும், அதோடு கேமராவைத் திருப்பும் மோட்டாரும் சுழன்றால் கேமராவுக்கு வோல்டேஜ் போதாது.

இன்னொரு சங்கதி. உங்கள் சென்சாரில் என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருப்பது) என்று எழுதிய முனையில் வயர் போட்டிருக்கிறீர்களா? அந்த வகை பெரும்பாலும் 9 வோல்ட்டுக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். உள்ளே இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் சும்மா இருக்கும்போது மூடியிருக்கும், ஆள் வந்தால் திறக்கும். சப்ளை குறைந்தாலும் திறக்கும். கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். சப்ளை இறங்கியதும் சென்சார் பொய்யாக "ஆள்" என்று சொல்லும், கேமரா திரும்பும், திரும்புவதால் சப்ளை இன்னும் இறங்கும், கேமரா அணையும். எழுந்ததும் மறுபடி முதலிலிருந்து.

வாய்க்காலைப் பார்ப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். விலை குறைந்த கேமராக்கள் ஸ்டெப்பர் மோட்டாரின் படிகளை எண்ணித்தான் திசையைத் தெரிந்துகொள்கின்றன. வோல்டேஜ் குறைந்து மோட்டார் சில படிகளை விட்டுவிட்டால் ப்ரீசெட் எல்லாம் தள்ளிப்போகும்.

முதலில் கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். விளக்கு எரியும்போது, திரும்பும்போது, இரண்டு அளவும் வேண்டும். வீட்டு முனையில் பார்த்துவிட்டு 12 இருக்கிறது என்று வந்து சொல்லாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

நீடாமங்கலம் விவசாயி:
பார்த்துவிட்டேன். என்சியில்தான் இருக்கிறது. பகலில் 11.1. விளக்கு எரியும்போது 9.1. போனில் இடது பக்கம் திருப்பினால் 8.2 வரை இறங்கி, படம் போய், பிறகு அந்தச் சுற்று. இரண்டு சென்சார் வயரையும் கேமராவிலிருந்து கழற்றிவிட்டுத் திருப்பினேன், அப்போதும் அணைகிறது. 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் சரியாகுமா?

கும்பகோணம் சிசிடிவிக்காரர்:
ஆகாது. பெரிய அடாப்டரிலும் அதே 12தான் கிளம்பும், அதே வயரில்தான் கரையும். இனி மூன்று வழி. 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்தால் 3 ஓம் ஒரு ஓமாகிவிடும், ஆனால் செம்பு விலைக்குக் கை கடிக்கும். கேமராவில் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் வாங்கும் வசதி) இருந்தால் ஒரே கேட் 6 கேபிளில் 100 மீட்டர் வரை போகலாம். கிட்டத்தட்ட 48 வோல்ட்டில் போவதால் இழப்பு குறைவு. முழுச் செம்பு கேபிளாகப் பார்த்து வாங்குங்கள், அலுமினியத்தில் செம்பு பூசியதைத் தலையில் கட்டிவிடுவார்கள். மூன்றாவது, இருக்கும் வயரிலேயே 24 வோல்ட் அனுப்பி, கேமரா பக்கம் 12 ஆக இறக்கும் பக் கன்வர்ட்டர் வைப்பது. செலவு கம்மி. நான் இதைத்தான் செய்வேன்.

வடுவூர் வாசி:
கொட்டகையில்தான் கரண்ட் இருக்கிறதே, அடாப்டரை அங்கேயே மாட்டினால் என்ன?

நீடாமங்கலம் விவசாயி:
அது மோட்டாருக்கான இலவச இணைப்பு தம்பி. அதில் கேமராவைச் சேர்க்க எனக்கு மனசில்லை.

திருத்துறைப்பூண்டி எலக்ட்ரீசியன்:
24 வோல்ட்டுக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. கன்வர்ட்டரைக் கேமராவில் மாட்டும் முன் மீட்டர் வைத்து 12க்குத் திருகிக்கொள்ளுங்கள். புதிதாக வருவது எந்த அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது, அப்படியே மாட்டினால் கேமரா போய்விடும். சென்சாரையும் கன்வர்ட்டருக்குப் பின்னால் எடுங்கள், மறந்து 24 லைனில் விட்டுவிடாதீர்கள். சென்சார் வயரை மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் விட்டிருந்தால் பிரித்துவிடுங்கள், ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பொய் ட்ரிகர் வரும்.

நீடாமங்கலம் விவசாயி:
24 வோல்ட் போட்டாயிற்று. கேமரா முனையில் 12 அசையவில்லை, விளக்கு எரிந்தாலும் திருப்பினாலும். ப்ரீசெட்டைப் புதிதாகப் பதித்தேன், ராத்திரி சுற்று நின்றுவிட்டது. இப்போது வேறு ஒன்று. மதியத்தில் களத்துப் பக்க சென்சார் சும்மா சும்மா அடிக்கிறது. ஆனால் நான் கொட்டகையை நோக்கி நேராக நடந்து வந்தால் கண்டுகொள்வதில்லை.

திருத்துறைப்பூண்டி எலக்ட்ரீசியன்:
பிஐஆர் ஆளைப் பார்ப்பதில்லை, சூடு இடம் மாறுவதைப் பார்க்கிறது. குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும், நேரே வந்தால் மந்தம். வெயில் 36, 37 டிகிரியைத் தொட்டால் உடம்புச் சூடும் சுற்றுச் சூடும் ஒன்றாகிவிடும், இன்னும் மந்தம். அதே நேரம் வெயிலில் கொதித்த தகரத்துக்கு முன் தென்னங்கீற்று ஆடினால் அதற்கு ஆள் மாதிரிதான். எதிரே தகரமோ தென்னையோ இருக்கிறதா?

நீடாமங்கலம் விவசாயி:
இரண்டுமே இருக்கின்றன அண்ணே. தகரக் கொட்டகை, பின்னால் தென்னை.

திருத்துறைப்பூண்டி எலக்ட்ரீசியன்:
அப்படியானால் சென்சாரைக் களத்தின் வடக்கு மூலைக்கு மாற்றி, வரும் பாதைக்குக் குறுக்காகப் பார்க்க வையுங்கள். உயரம் ஏழு அடி போதும், கொஞ்சம் கீழ்நோக்கி. மூடியைத் திறக்கும்போது உள்ளே எறும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வயர் நுழையும் ஓட்டையைச் சிலிக்கான் வைத்து அடைக்காவிட்டால் சிற்றெறும்பு உள்ளே போய் சென்சார் மேலேயே நடக்கும், அதற்கும் அலாரம் அடிக்கும்.

நீடாமங்கலம் விவசாயி:
எறும்பு இல்லை, குளவி கூடு கட்டியிருந்தது. எடுத்துவிட்டுச் சிலிக்கான் வைத்தாயிற்று. மூலையை மாற்ற வயர் எட்டவில்லை, கூடுதலாகப் பத்து மீட்டர் வாங்க வேண்டும். சென்சாருக்கு அதே 0.75 போதுமா?

திருத்துறைப்பூண்டி எலக்ட்ரீசியன்:
தாராளமாக. சென்சார் இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான்.