பான்ட்சோவின் ‘ஸ்பீட்’: வெட்டு வேகமா, பல்லோட்டமா?

அனைவருக்கும் வணக்கம்.

பட்டைவாளுக்கான (பான்ட்சோ: சில்லுகளில் சுற்றும் பல்லுள்ள உருக்குப் பட்டியால் வெட்டும் மெஷின்) கலைச்சொற்பட்டியலில் ‘ஸ்பீட்’டுக்கு ‘வெட்டு வேகம்’ என்று போட்டிருப்பதை எடுத்துவிடும்படி கேட்கிறேன். சொல்லில் தமிழ்ப் பிழை இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளை அது பிழையான வேலை செய்ய வைக்கும் என்பதுதான் என் ஆட்சேபம்.

கொழும்பில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ‘ஸ்பீட்’ என்ற ஒரே சொல் மூன்று விஷயங்களைச் சுமக்கிறது. சில்லு நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது ஒன்று. வாளின் பல் பொருளைக் கடந்து நிமிடத்துக்கு எத்தனை மீற்றர் ஓடுகிறது என்பது இன்னொன்று. பொருளை வாளுக்குள் எவ்வளவு விரைவாகத் தள்ளுகிறோம் என்பது மூன்றாவது. “ஸ்பீட்டைக் குறை” என்றால் ஒருவர் பெல்ட்டை மாற்றுவார், மற்றவர் கையைத் தளர்த்துவார். துருவேறா உருக்கில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கையைத் தளர்த்தினால் பல் கடிக்காமல் உரசும். உரசிய இடம் இறுகிக் கடினமாகும். அடுத்த பல் அந்தக் கடினத் தோலில் மோதி மழுங்கும். ஒரு சொல்லின் குழப்பத்தால் ஒரு பட்டி போய்விடும்.

‘வெட்டு வேகம்’ என்றதும் புதிதாகப் பழகும் பிள்ளைக்கு “எவ்வளவு கெதியாக வெட்டி முடிக்கலாம்” என்றுதான் விளங்கும். அது மூன்றாவது விஷயம். நமக்கு வேண்டியது இரண்டாவது.

வேறு சிக்கலும் உண்டு. இலங்கைப் பாடநூலில் கதி வேறு, வேகம் வேறு. வேகத்துக்குத் திசை உண்டு. தமிழ்நாட்டில் திசை உள்ளதைத் திசைவேகம் என்பார்கள், வெறும் வேகம் என்றால் நம்முடைய கதி. ஆகவே ‘வேகம்’ என்று போட்டால் இங்கே பௌதிக ஆசிரியர் மறுப்பார். ‘கதி’ என்று போட்டால் அங்கே வாசிப்பவர் தலைவிதியை நினைப்பார். ‘அலகுக் கதி’ என்ற இன்னொரு பரிந்துரையும் பட்டியலில் இருக்கிறது. அங்கே அலகு என்பது வாளின் பட்டி. ஆனால் அலகு என்றால் மாணவருக்கு மீற்றர், கிலோகிராம்தான் முதலில் நினைவுக்கு வரும். அது சரிவராது.

என் முன்மொழிவு: பல்லோட்டம். மின்னோட்டம் அளவிடக்கூடிய ஒரு கணியமாக ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதே அச்சில் இதுவும் நிற்கும். கணக்கும் எளிது. சில்லின் விட்டத்தை மீற்றரில் எடுத்து, 3.14ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் பல்லோட்டம். 14 அங்குலச் சில்லு என்றால் 0.355 மீற்றர், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.115 மீற்றர் பட்டி ஓடும். சில்லு நிமிடத்துக்கு 820 சுற்றுச் சுற்றினால் பல்லோட்டம் நிமிடத்துக்கு 914 மீற்றர். மரத்துக்கு அது பொருத்தம்.

அதே மெஷினில் மென்னுருக்கு (மைல்ட் ஸ்டீல்) வெட்டப் பார்ப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். பைமெட்டல் பட்டிக்கு (வளையும் உருக்கு முதுகில் கடின உருக்குப் பல் பொருத்தியது) மென்னுருக்கில் 60 முதல் 90 வரைதான் பல்லோட்டம். 60 வேண்டுமென்றால் சில்லு 54 சுற்றுத்தான் சுற்றலாம். 1440 சுற்று மோட்டரிலிருந்து அதற்கு இறங்க ஏறக்குறைய 27 மடங்கு குறைக்க வேண்டும். ஒரு சோடிக் கப்பியால் அது முடியாது. பத்துக்கு ஒன்று கியர்பொக்ஸ் வைத்து, மீதியைக் கப்பியில் எடுக்க வேண்டும். இன்வேட்டர் பூட்டி மின்சாரத்தின் மீடிறனை (ஃப்ரீக்குவன்ஸி) மட்டும் குறைக்கலாம் என்று நினைத்தால் 3.3 ஹேர்ட்ஸ் அளவுக்குப் போக நேரும். அங்கே மோட்டரின் சொந்த விசிறி காற்று வீசாது, இழுவையும் போதாது.

ஒப்புவீர்களா என்று சொல்லுங்கள்.

மறுமொழி

அண்ணைக்கு வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. ஏற்பதற்கு முன் இரண்டு இடத்தை உரசிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கடைச்சல் மெஷினில் (லேத்) இது செல்லாது. அங்கே ஓடுவது பொருளின் மேற்பரப்பு, கத்தி நிற்கிறது. பல் என்று எதுவும் இல்லை. ஆகவே பல்லோட்டத்தைப் பட்டைவாள், வட்டவாள் போன்ற பல்லுள்ள வாள்களுக்கு மட்டும் என்று வரையறையிலேயே எழுதிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் தேடினால் மறுபடியும் ‘ஸ்பீட்’டில்தான் போய் விழுவோம்.

இரண்டாவது, பல்லோட்டம் என்பதைப் பட்டி சில்லிலிருந்து விலகி ஓடுவதாகச் சிலர் எடுக்கக்கூடும். அதற்குத் தனியாக ‘பட்டி விலகல்’ என்று வைத்தால் பிரச்சினை தீரும். மூன்றாவது விஷயமான தள்ளும் விரைவுக்கு, ‘ஃபீட்’ என்பதை நேரே பெயர்த்து ‘ஊட்டம்’ என்று வைக்க வேண்டாம். மரப் பட்டறையில் கை தள்ளுகிறது, கிடைப் பட்டைவாளில் கை போன்ற சட்டம் இறங்குகிறது. இரண்டையும் ‘செலுத்து வீதம்’ தாங்கும். சில்லுக்கு ‘சுற்றுவீதம்’ போதும்.

அண்ணை தந்த 914 இங்கே எல்லா மெஷினிலும் கிடைக்காது என்பதையும் சேர்க்க வேண்டும். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த மெஷின் நமது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஆறில் ஐந்து பங்குதான் சுற்றும். 914 என்று மெஷினின் பெயர்த்தட்டில் அடித்திருப்பது 762 ஆகிவிடும். ட்ரான்ஸ்போமர் வைத்தேனே என்பார்கள்; அது வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், மீடிறனைத் தொடாது. சிறிய கிடைப் பட்டைவாள்களில் 24, 37, 61 என்று மூன்று பல்லோட்டம் வரும். தட்டு 60 ஹேர்ட்ஸுக்கானதாக இருந்தால் அவை இங்கே 20, 31, 51. ஜப்பானிலேயே கிழக்கில் 50, மேற்கில் 60. ஆகவே பழைய ஜப்பான் மெஷின் வாங்கினால் தட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எந்த அட்டவணையையும் நம்பக்கூடாது. நேரே அளப்பதே மேல். மெதுவாக ஓடும் உருக்கு மெஷினில் சில்லில் ஒரு சோக்குக் கோடு போட்டு 30 செக்கனுக்கு எண்ணி இரண்டால் பெருக்கினால் சுற்றுவீதம் வரும். மரம் வெட்டும் மெஷினில் கண் பிடிக்காது, டேக்கோமீற்றர் வேண்டும்.

பொருள்வாரியான அளவுகளை வரையறைக்குக் கீழே உதாரணமாகப் போடலாம் என்று நினைக்கிறேன். துருவேறா உருக்கு, 304 வகை: 25 முதல் 35. மென்னுருக்கு கடத்துவதில் மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் அது கடத்தும். சூடு பொருளுக்குள் போகாமல் பல்லிலேயே தங்கும். அதனால் பல்லோட்டம் குறைவு, ஆனால் செலுத்து அழுத்தம் விடாமல் இருக்க வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே இரண்டு சொல்லும் பிரிந்திருப்பது அவசியம். வார்ப்பிரும்பு 30 முதல் 45, தண்ணீர் எண்ணெய் எதுவும் ஊற்றாமல். அலுமினியத்துக்கு 150க்குக் கீழே போகத் தேவையில்லை. மர மெஷினின் பல்லோட்டத்திலேயே வெட்டலாம். ஆனால் சீவல் பல்லிடைக் குழியில் ஒட்டிப் பற்றவைத்ததுபோல் நிற்கும், ஆகவே பெரிய பல்லும் மெழுகும் வேண்டும். மரத்தில் 900 முதல் 1200. பாலை, கருங்காலி போன்ற வைரமான மரத்துக்குக் கீழ்ப்பக்கம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல்லோட்டம் சரியாக இருந்தாலும் பட்டி சீக்கிரம் மழுங்கும். அதைப் பல்லோட்டப் பிழை என்று எண்ணிப் பெல்ட்டை மாற்ற வேண்டாம்.

மறுமொழி

தம்பி, இரண்டு திருத்தத்தையும் ஏற்கிறேன். வட்டவாளையும் சேர்த்து, கடைச்சலை விலக்கி எழுதுவோம். கடைச்சலுக்கு ‘வெட்டுக்கதி’ இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் அளவுகளோடு பட்டியின் வகையையும் எழுதாவிட்டால் ஆபத்து. நீங்கள் சொன்னவை உலோகத்தில் பைமெட்டல் பட்டிக்கு. நூற்றுக்கு எட்டு வீதம் கொபால்ட் கலந்த அதன் பல், ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை கடினம் இழக்காது. சாதாரண காபன் உருக்குப் பட்டி 200ஐத் தாண்டினாலே இளகத் தொடங்கும். ஆகவே மென்னுருக்கிலும் காபன் பட்டிக்கு 30 முதல் 45 வரை போதும். பழைய சோனகத் தெருவில் பட்டி வாங்கும்போது நீளம், அகலம், பல்லெண்ணிக்கை மூன்றையும் கேட்கிறார்கள், வகையைக் கேட்பவர் குறைவு. அதையும் கேட்க வேண்டும்.

சீவலைப் பற்றியும் வரையறையில் ஒரு வரி இருக்கட்டும். மென்னுருக்கில் சீவல் வெற்றிலைக்கு வைக்கும் பாக்குச் சீவல்போல் மெல்லிதாகச் சுருண்டு, வெள்ளி நிறத்தில், தொட்டால் இளஞ்சூடாக விழுந்தால் பல்லோட்டமும் செலுத்து வீதமும் பொருந்தியிருக்கின்றன. நீலமோ மண்ணிறமோ ஏறியிருந்தால் பல்லோட்டத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தும் மாறாவிட்டால் செலுத்து வீதத்தையும் குறைக்க வேண்டும். தூளாக விழுந்தால் பல் உரசுகிறது, செலுத்து வீதத்தைக் கூட்ட வேண்டும். (மெஷினை நிறுத்திய பிறகுதான் சீவலைத் தொட வேண்டும்.) இந்த மூன்று வரிகளையும் ‘ஸ்பீட்’ என்ற ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள், எழுத முடியாது.

பல்லெண்ணிக்கை வேறு கேள்வி. வெட்டுக்குள் குறைந்தது மூன்று பல் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். 2 மில்லிமீற்றர்க் குழாயில் பல் உடைந்தால் பல்லோட்டத்தில் பிழை தேட வேண்டாம்.

மெஷினில் ஒட்டும் தட்டுக்கான வாசகத்தை இப்படி வைக்கிறேன், சிங்கள வாசகத்துக்கு நேர் கீழே வரும்படி:

பல்லோட்டம் (மீற்றர்/நிமிடம்), பைமெட்டல் பட்டி, 50 ஹேர்ட்ஸில் அளந்தது. மென்னுருக்கு 60–90. துருவேறா உருக்கு 25–35. வார்ப்பிரும்பு 30–45, உலர்வாக. பெல்ட்டை மாற்றுமுன் மின்னைத் துண்டிக்கவும்.

‘அளந்தது’ என்ற சொல்லை எடுக்க வேண்டாம். அளக்காத மெஷினில் இந்தத் தட்டை ஒட்டக்கூடாது.