பிக்கப்பில் ரெட்டை ஹாரன் மாட்டியதிலிருந்து ஃபியூஸ் போகிறது, இப்போது கருகல் வாடையும் வருகிறது

லோடு_ஒட்டன்சத்திரம்:
வணக்கம் அண்ணன்மாரே. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றிப் பாலக்காடு போகும் பிக்கப் என்னுடையது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு கடையில் ரெட்டை நத்தை ஹாரன் மாட்டினேன், நல்ல சத்தம். போன வாரம் மழையில் ஓட்டியதிலிருந்து தொல்லை. 10 ஆம்பியர் ஹாரன் ஃபியூஸ் இரண்டு முறை போய்விட்டது, மாட்டிக்கொடுத்த கடையில் 20 போட்டு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஃபியூஸ் போகவில்லை, ஆனால் நேற்று ராத்திரி ஒரு வளைவில் நீளமாக அடித்தேன், டாஷ்போர்டுக்குள்ளிருந்து கருகல் வாடை. சத்தமும் பாதியாகிவிட்டது. ஹாரனுக்குப் போகும் சிவப்பு ஒயரைத் தொட்டுப் பார்த்தால் வடகம் மாதிரி மொறுமொறுவென்று இருக்கிறது, விரல் பட்டதும் உறை பொடிந்து செம்பு தெரிந்தது. பேட்டரியைக் கழற்றாமலே ஒயரை இழுத்துப் பார்க்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

ஒயரிங்_அண்ணாச்சி:
தம்பி, வேறு எதையும் தொடாதே, முதலில் அந்த 20-ஐப் பிடுங்கு. ஹாரன் இல்லாமல் லோடும் எடுக்காதே. ஃபியூஸ் இருப்பது ஹாரனைக் காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற. 10-க்கு அளந்து போட்ட மெல்லிய ஒயரில் 20 போட்டால், ஃபியூஸ் போவதற்கு முன்னால் ஒயர் வெந்துவிடும். நீ முகர்ந்தது அதைத்தான். உன் வண்டியில் டீசல் குழாயும் அந்த ஒயர்க்கட்டு பக்கத்தில்தான் ஓடுகிறது.

பேட்டரியைக் கழற்றாமல் கை வைக்கவே கூடாது. சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் முனையை முதலில் கழற்று, வேலை முடிந்து மாட்டும்போது அதுவே கடைசி. ஏன் இந்த வரிசை என்றால், பாஸிட்டிவைத் திருகும்போது ஸ்பேனரின் வால் பாடியில் பட்டால் நேராக ஷார்ட். நான் தொழில் பழகிய காலத்தில் அப்படிப் பட்டு என் 10-ம் நம்பர் ஸ்பேனரில் விழுந்த பள்ளம் இன்றும் இருக்கிறது. அன்று அந்த இடத்தில் என் கை இருந்திருந்தால் விரலே போயிருக்கும். மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வா.

ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருந்தால் ஹாரன் பட்டன் பக்கமே போகாதே. அங்கே மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் லைன், டெஸ்ட் லேம்ப் வைத்துக் குத்திப் பார்ப்பதெல்லாம் ஆபத்து.

குட்டியானை_டிரைவர்:
ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச் பெட்டி) போட்டார்களா, இல்லை பழைய ஹாரன் ஒயரிலேயே இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டார்களா? அதைப் பாருங்கள். கிரில்லைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

லோடு_ஒட்டன்சத்திரம்:
நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கிரில்லை எடுத்துப் பார்த்தேன். ரிலே எதுவும் இல்லை. பழைய ஒயரைச் சீவி, இரண்டு ஹாரனையும் சேர்த்து முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. ரேடியேட்டர் பக்கம் தகட்டு ஓட்டை வழியாக ஒயர் போகும் இடத்தில் ரப்பர் இல்லை, தகடு உரசி உறை அறுந்திருக்கிறது. மழையில் ஃபியூஸ் போனதற்குக் காரணம் இதுதானே அண்ணே? கழற்றும் முன்பே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஹாரனை அமுக்கும்போது பேட்டரியில் 12.3, ஹாரன் முனையில் 8.9.

ஒயரிங்_அண்ணாச்சி:
அதேதான். வழியிலேயே 3.4 வோல்ட் தொலைகிறது, தொலைகிற அத்தனையும் ஒயரிலும் மூட்டிலும் சூடாக நிற்கிறது. சத்தம் குறைந்ததும் அதனால்தான்.

இனி இப்படிச் செய். ஹாரன் பெட்டியில் வாட் போட்டிருப்பான். ஒன்றுக்கு 60 என்றால் இரண்டுக்கும் 120, அதை 12-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸும் 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் செம்பு ஒயரும் போதும். நாலு கால் ரிலே ஒன்று, 12 வோல்ட் 30 ஆம்பியர். பேட்டரி பாஸிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வரவேண்டும், அதிலிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு. 87-லிருந்து ஹாரன்களுக்கு. ஹாரனின் மறுமுனை பாடிக்கு, பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும் இடத்தில். பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு ஒயரையும் 85, 86-ல் மாட்டு. ஒற்றை ஒயர்தான் என்றால் மற்ற காலைப் பாடிக்கு எர்த் கொடு. பழைய லைனில் இனி ரிலேக்குள் இருக்கும் காயிலுக்கான (கம்பிச் சுருளுக்கான) சொற்பக் கரண்ட்தான் போகும், அதனால் அங்கே பழைய 10 ஃபியூஸே போடு. முறுக்கி டேப் சுற்றாதே, ஒயர் முனையில் லக் (உலோக முனை) வைத்து கிரிம்ப் அடித்து (நசுக்கி இறுக்கி), மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) ஏற்று. தகட்டு ஓட்டையில் கட்டாயம் கிராமெட் (ரப்பர் வளையம்). ரிலேயைக் கால் கீழே பார்க்க மாட்டு, தண்ணீர் தங்காது.

கருகிய ஒயரை ஒட்டுப் போடாமல் முழுசாக மாற்று. வாடை டாஷ்போர்டுக்குள் வந்ததால் உள்ளே ஃபியூஸ் பாக்ஸ் சாக்கெட்டையும் கழற்றிப் பார்த்தாக வேண்டும்.

காடு_சுற்றி:
அண்ணே, இதே முறையில் பல ராகம் பாடுகிற ஏர் ஹாரன் மாட்டலாமா?

ஒயரிங்_அண்ணாச்சி:
வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 119-லேயே மாறி மாறிப் பல சுரம் எழுப்பும் ஹாரனுக்கும் அளவு மீறிய கூச்சலுக்கும் தடை இருக்கிறது. பக்கத்தில் பைக்கில் போகிறவன் அந்தச் சத்தத்தில் மிரண்டு விழுந்தால் யார் பதில் சொல்வது?

லோடு_ஒட்டன்சத்திரம்:
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிட்டேன். ஃபியூஸ் பாக்ஸில் ஒரு கால் உருகிப் பிளாஸ்டிக் வழிந்திருந்தது, அந்தச் சாக்கெட்டை வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிய பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டேன். இப்போது அமுக்கிப் பிடித்தால் பேட்டரியில் 12.3, ஹாரனில் 11.9. பழைய ஒயரை உருவியபோது ஒரு முழத்துக்கு உள்ளே கரியாக இருந்தது அண்ணே, பின்னால் தம்பி மகன் படுத்துத் தூங்கிக்கொண்டே வந்த வண்டி இது. நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடியாது.

ஒயரிங்_அண்ணாச்சி:
0.4 தான் இறங்குகிறது, நல்ல வேலை தம்பி. ஒரு வாரம் ஓட்டியதும், நீளமாக ஒரு முறை அடித்துவிட்டு உடனே ஃபியூஸ் ஹோல்டரையும் ஒவ்வொரு கிரிம்ப்பையும் விரலால் தொட்டுப் பார். எது சுடுகிறதோ அந்த மூட்டு லூஸ், அதைத் திரும்ப அடி.