கோவையில் எந்த உழவர் சந்தைக்குப் போகலாம்?

புதுக்குடித்தனம்:
மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. அங்கே அண்ணா நகர் உழவர் சந்தைக்கு அப்பாவோடு மஞ்சப்பை தூக்கிக்கொண்டு போய்ப் பழகியவன் (1999ல் முதன்முதலில் தொடங்கியதே அதுதான், எங்க ஏரியா பெருமை, விடுங்கள்). இங்கே ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம் என்று நாலு சொல்கிறார்கள். போன ஞாயிறு ஒன்பது மணிக்கு ஆர்.எஸ்.புரம் போனேன். வதங்கின கீரையும் ஊரே பொறுக்கிவிட்டுப் போன வெண்டைக்காயும்தான் மிச்சம், ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் நுனி ஒடிந்திருந்தது. வீடு இங்கே கோவை ராமநாதபுரத்தில். எங்கே விலை குறைவு?

வடவள்ளிக்காரன்:
ஒன்பது மணிக்குப் போனால் எந்தச் சந்தையிலும் அதுதாங்க கிடைக்கும். ஆறு மணிக்குள் போங்கள். விலைக்காக அலைய வேண்டாம், மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே என்று தினமும் காலையில் அதிகாரிகளே விலை வைத்துப் பலகையில் எழுதிவிடுவார்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. எந்தப் பக்கத்துக் காய் வருகிறது என்பதில்தான் வித்தியாசம். வடவள்ளிக்குத் தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கத்திலிருந்து சின்ன வெங்காயம் வரும். தக்காளி என்றால் நான் சுந்தராபுரம்தான் போவேன், கிணத்துக்கடவு தக்காளி, காம்போடு இருக்கும். உங்களுக்குப் பக்கம் சிங்காநல்லூர்.

கணக்குப்பிள்ளை:
பலகை விலை சரிதான், விற்கிறவர் விவசாயியா என்று யார் பார்ப்பது? நான் வழக்கமாகப் போகும் சந்தையில் (பேர் வேண்டாம்) ஒரே ஆள் பீன்ஸ், கேரட், முருங்கை, பூண்டு எல்லாம் குவித்து வைத்திருந்தார். ஊட்டிக் குளிரும் உடுமலை வெயிலும் ஒரே தோட்டத்தில் அடிக்குமா? மகளிர் குழுக் கடையில் மலைக்காய் வைத்திருப்பார்கள், அது வேறு. இரண்டு மூன்று காய் மட்டும், அதுவும் ஒரே அளவாக இல்லாமல், மண் ஒட்டிக்கொண்டு இருக்கிற கடையில் வாங்குங்கள். அடையாள அட்டையைக் கேட்டாலும் தப்பில்லை.

தோட்டத்து வீடு:
எங்க அம்மா இருபது வருசமாக உழவர் சந்தையில் கடை போடுகிறார். வாடகை கிடையாது, தராசும் அவர்களே கொடுக்கிறார்கள், அதெல்லாம் சரி. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கட்டுக் கட்டி, மூட்டையை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கணக்குப்பிள்ளை அண்ணா, ஒரே அளவாக இருந்தால் வியாபாரி என்று முடிவு கட்டாதீங்க, அம்மா கத்தரிக்காயைத் தரம் பிரித்துத்தான் அடுக்குவார். அப்புறம், அந்த வெண்டைக்காய் நுனி. முற்றலா என்று பார்க்க ஆளாளுக்கு ஒடித்துப் பார்த்துவிட்டு ஒடித்ததை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறீர்கள். ஒடித்த காய் மத்தியானத்துக்குள் கறுத்துவிடும், அதை நாங்கள் மாட்டுக்குத்தான் போடுகிறோம். பிஞ்சாக வேண்டும் என்று கேளுங்கள், அம்மாவே பொறுக்கித் தருவார்.

புதுக்குடித்தனம்:
இன்று ஐந்தே முக்காலுக்கு சிங்காநல்லூர் போய்விட்டேன். ஈரம் காயாத பாலக்கீரை, நாலு கத்தரி, ஒரு கிலோ வெண்டை. ஒடிக்கவில்லைங்க! அந்த அம்மாவே எடுத்துப் போட்டார், வீட்டில் வந்து அரிந்தால் இரண்டுதான் முற்றல்.