மழைக்காலத்தில் மினியேச்சருக்கு பிரைமர்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வார்கேமிங் (சிறு உருவப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு) தொடங்கும் இரண்டு பேருக்காக, மினியேச்சர் எனப்படும் 28 மி.மீ. அளவு பிளாஸ்டிக் வீரர்களைத் தயார் செய்கிறோம், ஆளுக்கு 10 உருவம். முதல் ஆட்டத்துக்கு அது தாராளம். பெரிய படையை வாங்கினால் பாதி பெயின்ட் ஆகாமலே பெட்டியில் கிடக்கும்.

ஒட்டும் வேலை முடிந்தது. கடினப் பிளாஸ்டிக் என்பதால் பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை. அது பரப்பைக் கரைத்து இணைக்கும். ரெசினிலோ உலோகத்திலோ அது பிடிக்காது, சூப்பர் குளூதான். அச்சுக்கோடுகளை (வார்ப்பு அச்சின் இணைப்பில் விழும் மெல்லிய வரிகளை) கத்தியின் முதுகால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தாயிற்று.

சிக்கல் பிரைமரில், அதாவது பெயின்ட் நன்றாகப் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சில். சென்னையின் நவம்பர் ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் பரப்பு சொரசொரவென்று ஆகி, முகத்தின் நுணுக்கமெல்லாம் மறைந்துவிடுகிறது. தள்ளி நின்று அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து தூளாக ஒட்டும் என்பதால் 20–25 செ.மீ. தூரத்தில், கேனை நன்றாகக் குலுக்கி, விட்டுவிட்டுத்தான் அடித்தோம். பலனில்லை. வாடை காரணமாக மூடிய ஏசி அறையில் அடிக்க முடியாது.

அதனால் தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமருக்கு மாறலாமா என்று யோசிக்கிறோம். ஈர நாட்களில் அது முழுதாக இறுக 24 மணி நேரம் போதுமா? ஆட்டத்தில் கை பட்டுப் பட்டு ஈட்டிமுனையிலும் தோள் விளிம்பிலும் உரிகிறதா? கார் பெயின்ட் கடைச் சாம்பல் பிரைமரை 28 மி.மீ. உருவத்தில் பயன்படுத்தியவர்கள், படலம் எவ்வளவு தடிமனாக விழுகிறது என்று சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.

சொரசொரப்பான மூன்று உருவங்களின் பிரைமரைக் கழற்ற, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வழியும் வேண்டும். அசிட்டோன் வேண்டாம், உருவமே கரைந்துவிடும்.